ஆறு வந்த முகூர்த்தம்

நெடுங்கரைச் சின்னச்சாமி மகள் கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் ஆறு வந்துவிட்டது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், கார்த்திகை மாசம். வடக்கே மதுரைப் பக்கம் அடைமழை என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நெடுங்கரையில் தூறலோடு சரி. பொழுது விடிந்து, மாரீஸ்வரியை மனையில் உட்காரவைத்து அத்தைமார் ஜடை பின்னிக்கொண்டிருந்தார்கள். பாதி பின்னியிருக்கும். தெருவில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள்.

"ஏலே, ஆறு வருதுடோய்! குண்டாத்துல தண்ணி வருது!"

மாரீஸ்வரி சட்டென்று எழுந்துவிட்டாள். ஜடையைப் பிடித்திருந்த அத்தையும் கூடவே ரெண்டு எட்டு இழுபட்டு வந்தாள். "ஏத்தா, கல்யாணப் பொண்ணு இப்படியா எந்திரிக்கிறது!" என்று அவள் போட்ட சத்தம் மாரீஸ்வரியின் காதில் ஏறவில்லை. அவள் வாசலைத் தாண்டி ஆற்றுப் பக்கம் நடந்தாள். நடை ஓட்டமானது.

அந்த ஊரில் பெரிய படிப்பு படித்தவள் அவள்தான். அதிலும் கடல் படிப்பு. திருச்சுழியைச் சுற்றிப் பருத்தியும் மிளகாயும் கம்பும் விளைகிற கரிசல் காட்டில், குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் பிறந்தவள் கடலைப் பற்றிப் படிக்கப் போனதை நெடுங்கரையால் கடைசிவரைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. "நம்ம மாரி கப்பல்ல வேலை பாக்குது" என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

இதற்கெல்லாம் விதை போட்டது சின்னச்சாமிதான். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் கூட்டிப்போனார். கரையில் வள்ளம் வள்ளமாக மீன் இறங்கியது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் வலை உதறிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார்: "எரு போடாட்டி ஒரு பருத்திச் செடி காய்க்க மாட்டேங்குது. இந்தக் கடலுக்கு யாருய்யா எரு போடுறா, இம்புட்டு மீனு விளையுது?" வலைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அவளோடு பள்ளிக்கூடம் போய், மதுரைக் கல்லூரிக்குப் போய், மண்டபம் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையம் வரைக்கும் போய்விட்டது.

அங்கே போனபிறகுதான் கேள்வி எவ்வளவு பெரிசு என்று அவளுக்குத் தெரிந்தது. கடலிலும் பயிர் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்பயிர். அதைத் தின்று புழு பூச்சி, அதைத் தின்று மீன். அந்தப் பயிருக்கும் நைட்ரேட் வேண்டும், பாஸ்பேட் வேண்டும், மணலில் இருக்கிற சிலிக்கா வேண்டும். தின்றதும் செத்ததும் அடியில் சேற்றில் போய்ப் படிகிறது. காற்றும் நீரோட்டமும் கிளறிவிட்டால் திரும்ப மேலே வருகிறது. இப்படி ஒரு சுற்று. வருஷா வருஷம் மார்கழி வாக்கில், குண்டாறு கடலில் சேருகிற மூக்கையூர்ப் பக்கம் தண்ணீர் பச்சை பிடிக்கும். நுண்பயிர் அப்போது செழித்து நிற்கும். அதற்கு அந்தச் சமயத்தில் உரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் மாரீஸ்வரியின் ஆராய்ச்சி. நம் ஆறுதான் கொண்டுவந்து கொட்டுகிறது என்று அவள் நினைத்தாள். நினைத்தால் போதுமா? ஆற்றுத் தண்ணீரை அள்ளி அளந்து காட்டவேண்டும். ஆறு வரவேண்டுமே.

வரவில்லை. மூன்று வருஷமாகக் குண்டாற்றில் மணல்தான் ஓடியது. மழை பெய்தாலும் வழியில் இருக்கிற கண்மாய்கள் ஒவ்வொன்றும் வயிற்றை நிரப்பிக்கொண்டு, கீழே சொட்டுத் தண்ணீர் விடாது. அவளுடைய வழிகாட்டி டாக்டர் ஆனந்தகுமார் தங்கமான மனுஷர். அவரே பொறுமை இழந்து, "இது வரைபடத்துல மட்டும் ஓடுற ஆறும்மா. கடல் அடிச்சேறுலயிருந்துதான் எல்லாம் வருது. இந்த மழைக்கும் பாரு. வரலைன்னா ஆத்தை விட்டுட்டு எழுதி முடிச்சிரு" என்று சொல்லிவிட்டார்.

இந்த மழைக்காலத்தில்தான் கல்யாணத் தேதியும் குறித்தார்கள். "தை மாசத்துக்குத் தள்ளி வைங்களேன்" என்று மாரீஸ்வரி கேட்டுப் பார்த்தாள். அம்மா முத்துத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆறு வந்தாத்தான் கல்யாணம்னா நீ நரைச்ச தலையோடதான் மணவறை ஏறணும்" என்றாள்.

இப்போது அந்த ஆறு வந்துகொண்டிருந்தது.

ஊரே கரையில் நின்றது. கரிசல் மண்ணைக் கரைத்துக்கொண்டு கருப்பாக, நுரையும் தட்டையும் கருவேல முள்ளும் சுமந்துகொண்டு தண்ணீர் புரண்டு வந்தது. சூடான மண் நனைந்த வாசனை மூக்கில் ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் பிழிந்துகொண்டார். கல்யாண வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பூவை யாரோ அள்ளிவந்து ஆற்றில் தூவினார்கள். ஊருக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் இருந்த தரைப்பாலம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கியது.

மாரீஸ்வரி மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐப்பசி மழையிலேயே கண்மாய்கள் நிரம்பிவிட்டன. இந்தத் தண்ணீரை வழிமறிக்க இனி ஆளில்லை, நேரே கடலுக்குத்தான். அதிலும் இது முதல் தண்ணீர். மூன்று வருஷமாகக் காட்டில் கிடந்ததையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு வருகிறது. மத்தியானம் வருகிற தண்ணீர் வேறு, இது வேறு. இதை இப்போதே அள்ளியாக வேண்டும்.

வீட்டுக்கு ஓடினாள். பரணில் ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் பாட்டில்கள் வைத்திருந்தாள். அமிலத்தில் ஊறவைத்து, சுத்தமான நீரில் அலசி, மூடி இறுக்கி வைத்தவை. பரணில் சாக்கைக் காணோம்.

"அம்மா, என் பாட்டிலெல்லாம் எங்கம்மா?"

முத்துத்தாயின் முகத்தில் பெருமை பொங்கியது. "தூசி அடைஞ்சு கெடந்துச்சு. நாலு பேரு வந்து போற வீடுல்ல? சோப்புத்தூள் போட்டு ஊறவச்சு, தேச்சுக் கழுவிக் கொல்லையில கவுத்திருக்கேன் பாரு. பளபளன்னு இருக்கு."

மாரீஸ்வரி அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். சோப்புத்தூளில் பாஸ்பேட் இருக்கிறது. அவள் அளக்க வேண்டியதும் அதே பாஸ்பேட்தான். அந்தப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தால், உப்பு இருக்கிறதா என்று பார்க்க உப்புப் பானையிலேயே அள்ளிப் பார்த்த கதைதான்.

"என்னத்தா, தப்புப் பண்ணிட்டனா?" முத்துத்தாய் குரல் இறங்கிவிட்டது.

அம்மாவைப் பார்த்தாள். கல்யாண வேலையில் ரெண்டு நாளாக உட்காராத அம்மா. அத்தனை வேலையிலும் மகளுடைய சாமான் அழுக்காக இருக்கக் கூடாது என்று கழுவியிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ள மனசு வரவில்லை.

"இல்லம்மா. வேற பாட்டில் பாத்துக்கிருவோம்."

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே பார்ப்பது? பந்தலைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். எண்ணெய்ப் பாட்டில் ஆகாது. கலர் பாட்டிலில் சர்க்கரையும் சாயமும் ஒட்டியிருக்கும். பந்தல் ஓரத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து வந்து இறங்கிய சோடாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. வெறும் சோடா. தண்ணீரும் காற்றும் தவிர அதில் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய மரத்தூள் மூடிய ஐஸ் கட்டிகள். அள்ளிய தண்ணீர் கெடாமலிருக்க அதுவும் வேண்டும். அவளுக்கு உயிர் வந்தது.

சோடாவுக்குப் பொறுப்பு தாய்மாமன் மாரிச்சாமி. பெட்டி மேல் கால்போட்டு உட்கார்ந்து, ஒரு பாட்டில் கூட முன்கூட்டிப் போய்விடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சோடா எல்லாத்தையும் ஒடைங்க."

"எதுக்குத்தா?"

"எல்லாருக்கும் குடுங்க. பாட்டில் காலியா வேணும். சீக்கிரம்."

"விடிஞ்சும் விடியாம வெறும் வயித்துல எவன் சோடா குடிப்பான்?"

"நம்ம சொந்தக்காரக எனக்காக இதுகூடச் செய்ய மாட்டாகளா மாமா?"

மாரிச்சாமி எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டினார். "ஏய், எல்லாரும் வாங்கப்பா! பொண்ணு சோடா குடிக்கச் சொல்லுது. குடிக்காதவனுக்குப் பந்தியில எலை கெடையாது!"

அப்புறம் நடந்ததை நெடுங்கரை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. பந்தல்காரர் குடித்தார், சமையல்காரர் குடித்தார், காபிக்குக் காத்திருந்த பெரிய மனுஷர்கள் காபிக்குப் பதில் சோடா குடித்தார்கள். எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்திருந்த நாயனக்காரர் ரெண்டு பாட்டிலை ஒரே மூச்சில் இறக்கிவிட்டு நாயனத்தை வாயில் வைத்தார். ராகத்துக்குப் பதில் வேறொன்று வந்தது. தவில்காரர் சிரிப்பில் தவிலோடு சாய்ந்துவிட்டார்.

காலிப் பாட்டில்களைக் கூடையில் போட்டுக்கொண்டு மாரீஸ்வரி ஆற்றுக்குப் போனாள். சீர்வரிசையில் வைத்திருந்த புது எவர்சில்வர் வாளியில் கயிறு கட்டி, கரையோரக் கலங்கலைத் தாண்டி வீசினாள். பாதி ஜடை தோளில் அவிழ்ந்து தொங்கியது. கூறைப்புடவைக்கு முன்னால் கட்டியிருந்த மஞ்சள் சேலை முழங்கால்வரை நனைந்தது. வாளி நிறைய இழுத்து, அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை அலசி அலசிக் கொட்டி, அப்புறம் நிரப்பி, வாயில் பாலித்தீன் தாளை வைத்து ரப்பர் பேண்டு போட்டாள். எந்தப் பாட்டில் எப்போது எடுத்தது என்று அடையாளம் வேண்டுமே? ஈரத்தில் எழுத்து நிற்காது. அத்தைமகள் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை நீட்டினாள். ஏறுகிற தண்ணீருக்குச் சிவப்புப் பொட்டு என்று வைத்துக்கொண்டார்கள். பாட்டில்களுக்கெல்லாம் பொட்டு வைத்து ஐஸ் பெட்டிக்குள் படுக்கவைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் எதிர்க்கரையில் வேன் வந்து நின்றது.

மாப்பிள்ளை ராஜகுரு எதிர்க்கரைக் கீழச்செங்குளத்துக்காரன். காரியாபட்டியில் கால்நடை டாக்டர். சுற்றுவட்டாரத்தில் 'மாட்டு டாக்டர்' என்றால்தான் தெரியும். மாரீஸ்வரி அவனைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஒரு தடவை பார்த்ததுதான். "கல்யாணத்துக்கு அப்புறமும் கடலுக்குப் போவேன்" என்று அவள் சொன்னபோது, "நானும் மாட்டுக்குப் பின்னாடி காடு மேடெல்லாம் சுத்துறவன்தான்" என்றான். அதுக்குமேல் பேச நேரம் கிடைக்கவில்லை. நல்ல பதில்தான். ஆனால் வாயால் சொல்லுவது வேறு, வாழ்வது வேறு என்று அவளுக்குள் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது.

பட்டுவேட்டியும் மாலையுமாக அவன் வேனிலிருந்து இறங்கி, முங்கிப்போன பாலத்தைப் பார்த்தான். பின்னால் அவனுடைய அப்பா நல்லகண்ணு இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஆறு கடப்பதற்கு வழியே இல்லை. இங்கே பெண் வீட்டார், அங்கே மாப்பிள்ளை வீட்டார், நடுவில் குண்டாறு.

மாரீஸ்வரியின் கண் மாப்பிள்ளை மேல் நிற்கவில்லை. அவன் காலடியில் ஓடிய தண்ணீர் மேல் நின்றது. அந்தக் கரையோரம் தண்ணீர் கருப்பாக இல்லை, செக்கச்செவேலென்று இருந்தது. சற்று மேலே ஓர் ஓடை வந்து ஆற்றில் சேருகிறது. அந்தத் தண்ணீர் இன்னும் கலக்காமல் தனிக் கோடாக ஓடுகிறது. அதையும் அள்ளினால்தான் கணக்கு முழுசாகும்.

"மாமா, அந்தக் கரைத் தண்ணியும் வேணும்."

மாரிச்சாமி அவளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், பந்தல் உச்சியில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயைப் பார்த்தார். "ஏலே காளீஸ்வரா, பாட்டை நிறுத்து. மைக்கை இங்கன கொண்டா" என்றார்.

மைக்செட்டுக் காளீஸ்வரன் வயரை இழுத்துக்கொண்டு கரைக்கு ஓடிவந்தான். மைக் கைக்கு வந்தபிறகுதான் மாரீஸ்வரிக்கு அது உறைத்தது. என்னவென்று கூப்பிடுவது? பேர் சொல்ல முடியாது. 'ஏங்க' என்று கூப்பிட இன்னும் தாலி ஏறவில்லை. ரெண்டு ஊரும் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"டாக்டர்..." என்றாள். குழாயில் அந்தச் சொல் ஆற்றைத் தாண்டிப் போய் எதிரொலித்தது. "நான் பொண்ணு பேசுறேன்."

ரெண்டு கரையும் கொல்லென்று சிரித்தது. ராஜகுரு நிமிர்ந்து பார்த்தான்.

"உங்க கரையில செவப்பா வருதே, அந்தத் தண்ணி எனக்கு வேணும். சுத்தமான பாட்டில் இருக்கா? சோப்புப் படாததா இருக்கணும். ஐஸும் வேணும்."

அவன் ரெண்டு கையையும் தூக்கி, இரு என்று காட்டினான். பக்கத்தில் நின்ற சிநேகிதன் இருளப்பசாமியிடம் ஏதோ சொன்னான். இருளப்பசாமி யாருடைய டி.வி.எஸ். வண்டியையோ எடுத்துக்கொண்டு ஊருக்குள் பறந்தான். திரும்பி வரும்போது பின்னால் ஓர் அட்டைப்பெட்டி, தோளில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஐஸ் டப்பா. பெட்டியில் மாட்டுக்கு ஏற்றுகிற குளுக்கோஸ் பாட்டில் இருந்தால் சர்க்கரை ஒட்டியிருக்குமே என்று மாரீஸ்வரி பயந்தாள்.

"குளுக்கோஸ் பாட்டிலா? ஆமான்னா வலது கையைத் தூக்குங்க!"

ராஜகுரு இடது கையைத் தூக்கினான். ஒரு பாட்டிலைத் திறந்து, உள்ளே இருந்ததை ஒரு சொட்டு நாக்கில் விட்டு முகத்தைச் சுளித்துக் காட்டினான். உப்புத் தண்ணீர். அதில் நைட்ரேட்டும் கிடையாது, பாஸ்பேட்டும் கிடையாது.

"அது போதும்! கொட்டிட்டு, ஆத்துத் தண்ணியிலயே மூணு வாட்டி அலசுங்க. வெரலு உள்ள படக் கூடாது. ஓரத்துல அள்ளாதீக. வாளியில கயிறு கட்டித் தள்ளி எறிங்க."

ராஜகுரு கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினான். வைக்க இடம் தேடினான். பக்கத்தில் நின்ற அப்பா கழுத்தில் போட்டுவிட்டு, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் இறங்கினான். மாலையோடு நின்ற நல்லகண்ணுவைப் பார்த்து அந்தக் கரைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் கீழச்செங்குளத்துக் கோயில் மைக்செட்டை ஒரு டிராக்டரில் ஏற்றி அந்தக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தொண்டையைச் செருமும் சத்தம் ஆற்றுக்கு மேலே வந்தது.

"பொண்ணுக்கு மாட்டு டாக்டர் பேசுறேன். நாலு பாட்டில் ரொப்பியாச்சு. இன்னும் எடுக்கணுமா?"

"தண்ணி ஏறி நின்னதும் எடுக்கணும். எறங்குறப்பவும் எடுக்கணும்."

"அப்ப இன்னைக்குப் பூரா ஆத்தோரம்தானா?"

"ஆமா. சங்கடமா இருக்கா?"

அவன் நனைந்த வேட்டியை உதறி மறுபடி மடித்துக் கட்டினான்.

"எருமைக்குப் பிரசவம் பாக்குறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றான் அவன். "ஆனா ஒண்ணு கேக்கணும். இந்தத் தண்ணியில நீ என்னத்தத் தேடுற?"

கல்யாண மைக்கில், ரெண்டு ஊர் ஜனம் கேட்க, மாரீஸ்வரி சொன்னாள். கடலில் பயிர் விளைவதையும், அதற்கு எரு வேண்டியிருப்பதையும், நம் காட்டு மண் கரைந்து போய் அங்கே என்ன ஆகிறது என்பதையும் வயலில் நிற்பவர்களுக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் என்ன படிக்கிறாள் என்று நெடுங்கரைக்கு விளங்கியது அன்றைக்குத்தான். "அட, அப்ப கப்பல் வேலை இல்லையா?" என்று ஒருவர் நிஜமாகவே ஏமாந்து போனார்.

இந்தச் சந்தோஷத்தில் முகூர்த்த நேரம் கடந்துபோனது. அதை நினைவுபடுத்தியது நல்லகண்ணு. மகனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"சம்பந்தி! நேரம் தப்பிப் போச்சு. கல்யாணத்தன்னைக்கு ஆறு குறுக்க விழுந்திருக்கு. பெரியவுக ஒரு மாதிரியாப் பேசுறாக. தை மாசம் பாத்துக்கிருவமா?"

கரையில் சிரிப்பு நின்றது. முத்துத்தாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். மாரீஸ்வரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். தை மாசத்துக்குத் தள்ளச் சொன்னவள் அவள்தான். இப்போது அந்தச் சொல் ஏன் பிடிக்கவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. எதிர்க்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பாட்டிலோடு நிற்கிறவனைப் பார்த்தாள். அவனும் இவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

சின்னச்சாமி மைக்கில் பேசிப் பழகாதவர். மகளிடமிருந்து அதை வாங்கி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, நான் சொல்றதைக் கேளுங்க. மூணு வருசமா நம்ம ரெண்டு ஊரும் மழை வேணும்னு சாமிக்கு மழைக்கஞ்சி ஊத்துனோம். கம்பு கருகுறதைப் பாத்துக்கிட்டு நின்னோம். அப்பெல்லாம் வராத தண்ணி இன்னைக்கு வந்துருக்கு. இந்தத் தண்ணியைப் போயி கெட்ட சகுனம்னு நம்ம வாயால சொல்லலாமா? என் மக கல்யாணத்துக்கு இதைவிடப் பெரிய சீரு எவன் கொண்டாருவான்?"

அப்புறம் எதிர்க்கரையில்தான், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கமிருந்து, முதல் குலவை எழும்பியது. இந்தக் கரைப் பெண்கள் சும்மா இருப்பார்களா? ஆற்றின் சத்தத்தை அமுக்கிக்கொண்டு குலவை இங்கும் அங்கும் போய்வந்தது.

குலவை ஓய்ந்ததும் நல்லகண்ணு குரல் கேட்டது. கொஞ்சம் இறங்கி, கொஞ்சம் அசடு வழிந்து வந்தது.

"சகுனத்தை யாரு கண்டா சம்பந்தி? பசியில பேசிட்டேன். பந்தி அந்தக் கரையில இருக்கு, பசி இந்தக் கரையில இருக்கு. நாளைக்கே வச்சுக்கிருவோம்!"

அன்றைக்கு வடித்த சோற்றை நெடுங்கரை முழுக்கச் சாப்பிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கீழச்செங்குளத்தில் வீட்டுக்கு வீடு உலை வைத்தார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் அவரவர் கரையில் ஆற்றோரத்தை விட்டு அசையவில்லை. தண்ணீர் ஏறி நின்றபோது பச்சைப் பொட்டு, இறங்கியபோது கருப்புப் பொட்டு.

மறுநாள் காலையில் தரைப்பாலம் தலைகாட்டியது. டிராக்டரில் மாப்பிள்ளை வந்தான். மடியில் ஐஸ் டப்பா. மேளக்காரர் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார், கொடுக்கவில்லை. மணவறைக்கு வந்து, அதைத் தன் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். தாலியைக் கையில் எடுத்து அவள் கழுத்துக்குக் கொண்டுவரும்போது மாரீஸ்வரி குனிந்த தலையோடு மெதுவாகக் கேட்டாள்.

"ஐஸ் மாத்துனீகளா?"

"மாத்துனேன். கொஞ்சம் சும்மா இரு, முடிச்சுப் போட்டுக்கிறேன்."

பின்னால் நின்ற நாத்தனாருக்கு இது காதில் விழுந்து, அவள் சிரித்த சிரிப்பில் மூன்றாவது முடிச்சு தாமதமானது.

மறுவீட்டு விருந்தையெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று, பூ ஜோடித்த வேனிலேயே பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். மணக்கோலத்தில் வந்து இறங்கி, பொட்டு வைத்த சோடாப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டியவளைப் பார்த்து டாக்டர் ஆனந்தகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆறு வந்துச்சா?" என்றார். "வந்துச்சு சார். கல்யாணமும் ஆயிருச்சு சார்" என்றாள்.

அதற்கடுத்த நாள் மூக்கையூரில் வள்ளம் ஏறினார்கள். ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் நெடுந்தூரம் செம்பழுப்பாகப் போயிருந்தது. அது முடிகிற இடத்தில் வெட்டி வைத்த மாதிரி நீலம் தொடங்கியது. அந்தக் கோட்டின் மேல் வள்ளம் ஆடிக்கொண்டு நின்றது. முரட்டு மாட்டுக்கெல்லாம் அஞ்சாத ராஜகுரு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு தின்றதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தான். மாரீஸ்வரி ஒரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொண்டே மறு கையால் பாட்டிலைக் கயிற்றில் இறக்கினாள்.

"அந்தப் பக்கமா எடுங்க. என் தண்ணியைக் கெடுத்துராதீக."

அவன் சிரிக்க முயன்று மறுபடியும் குனிந்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்ததும் வந்தான். மார்கழி நடுவில் தண்ணீர் பச்சை பிடித்தபோது அவனுக்கு வாந்தி நின்றிருந்தது.

அளந்து பார்த்த கணக்கு அவள் நினைத்த மாதிரி வரவில்லை. ஆற்றில் நைட்ரேட் வண்டி வண்டியாக இருந்தது. சிலிக்கா அதைவிட அதிகம். பாஸ்பேட்டைத்தான் காணோம். கரிசல் மண் அதை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டது போலும். ஆற்றில் இல்லாத பாஸ்பேட் கடலில் எப்படி வந்தது? வாடைக்காற்று அடிச்சேற்றைக் கிளறி மேலே கொண்டுவந்திருந்தது. காட்டிலிருந்து வந்தது பாதி, கடல் தன் அடிவயிற்றிலிருந்து திருப்பிக் கொடுத்தது பாதி. ரெண்டும் ஒரே மாசத்தில் சேர்ந்ததால்தான் பச்சை. ஒருநாள் முழுக்க அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல, தான் எதிர்பார்த்ததைவிட இது அழகாக இருக்கிறதே என்று தோன்றியது. டாக்டர் ஆனந்தகுமார் வாசித்துவிட்டு, "பாதி நீ ஜெயிச்ச, பாதி நான் ஜெயிச்சேன்" என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார்.

ஒரு விஷயம் மட்டும் அவளை மறுபடி மறுபடி அளக்க வைத்தது. ராஜகுரு எடுத்த பாட்டில்களில் நைட்ரேட் ரொம்பத் தூக்கலாக இருந்தது. அவன் கையில்தான் ஏதும் பிசகு என்று முதலில் நினைத்தாள். அவன்தான் யோசித்துச் சொன்னான்: "ஓடைக்கு மேல எங்க ஊரு ஆட்டுக்கிடை கெடக்குல்ல? வருசக்கணக்கா அங்கனதான் ஆட்டை அடைக்கிறாக." நேரே போய் மண் எடுத்து வந்து சோதித்தாள். அதேதான்.

பொங்கலுக்குப் போனபோது மாமனாரிடம் இதை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நல்லகண்ணு எழுந்து நின்றுவிட்டார். "அப்ப எங்க ஆட்டுப் புழுக்கை கடலு வரைக்கும் போகுதா?" என்று கேட்டு, அவள் ஆமாம் என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்குப் போனார். சாயங்காலத்துக்குள் கீழச்செங்குளத்தில் தெரியாதவர்கள் இல்லை.

அடுத்த வாரம் அருப்புக்கோட்டைச் சந்தைக்கு மருமகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு போனார். மீன் விற்கிற அம்மாளிடம், "இது மூக்கையூர் மீனா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"அப்ப வெலையைப் பாத்துச் சொல்லு. எங்க ஆட்டுப் புழுக்கையில விளைஞ்ச மீனு இது. வேணும்னா இந்தா நிக்குதே என் மருமக, டாக்டரு, அதுக்கிட்டக் கேளு."

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "புழுக்கை உங்களுதா? அப்ப சரி. புழுக்கை இருக்கிற கொடலை நீங்க எடுத்துக்கங்க, மீனை நான் வச்சுக்கிறேன்."

மாரீஸ்வரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது. சந்தையென்றும் பாராமல், புது மருமகள் என்றும் பாராமல், ராஜகுருவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நல்லகண்ணு முறைத்துப் பார்த்தார். முறைப்பு அவருக்கே நிற்கவில்லை. அவரும் சிரித்துக்கொண்டே, சொன்ன விலையைக் கொடுத்து, இருப்பதிலேயே பெரிய மீனாகப் பார்த்துப் பையை விரித்தார்.